மதிலுக்கு அந்தப் பக்கம் பூத்த மல்லிகை

“இஞ்சருங்கோ!”

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தபோது சுபாஸ்கரனின் வாயில் பாதி இடியப்பம் இருந்தது. மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு எழுந்து ஓடினான்.

“என்ன ரீச்சர்?”

“என்ரை முற்றத்தை ஒருக்கா வந்து பாருங்கோ. விடியத்தான் கூட்டினனான். திரும்பவும் பாய் விரிச்ச மாதிரிப் பூ. ஒரு நாளைக்கு எத்தினை தரம் கூட்டிறது?”

ஊரே அவனைச் சுபாஸ்கரன் அண்ணை என்றுதான் கூப்பிடும். பக்கத்து வீட்டு ரீச்சர் மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. எப்போதும் ‘இஞ்சை பாருங்கோ’ என்கிற அந்த ‘இஞ்சருங்கோ’தான். அண்ணை என்று சொல்ல மனம் வராத அளவுக்குக் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் விளக்குமாற்றைத் தேடினான்.

உடுப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இறைப்பு மெசின் பழுதானால் சுபாஸ்கரனைத்தான் கூப்பிடுவார்கள். மூன்று தங்கைமாரையும் கட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது தலையில் நரை விழுந்திருந்தது. வீட்டில் அவனும் ஒரு ரேடியோவும்தான். பருத்தித்துறையில் ஒரு வீட்டுக்கு மெசின் திருத்தப் போன இடத்தில், அந்த வீட்டு அம்மா ஒரு சாண் கன்று ஒன்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார்.

“ரங்கூன் மல்லிகை, தம்பி. பொழுதுபடேக்கை வெள்ளையாய் விரியும். விடிய ரோசா நிறம். அடுத்த நாள் நல்ல சிவப்பு. ஒரு கொடியிலை மூண்டு நிறமும் நிக்கும்.”

அதுவரை தனக்கென்று ஒரு கீரைப்பாத்தி கூடப் போட்டிராதவன், அதை மதிலோரம் நட்டான். வெயிலுக்கு ஓலை கட்டினான். கோழி கிளறாமல் கல் வைத்தான். வேலை முடிந்து வந்தால் கையில் இருக்கிற கிறீசைக் கழுவுமுன் கொடிக்கு முன்னால் போய்க் குந்துவான். முதல் மொட்டு வெள்ளையாய் விரிந்து, வாசம் மெல்ல வந்து மூக்கைத் தொட்ட பிறகுதான் எழும்புவான்.

அந்தக் கொடி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, பூவையெல்லாம் பக்கத்து வீட்டில் கொட்டத் தொடங்கியதுதான் வில்லங்கம்.

பக்கத்து வீட்டு இராசமலர் ரீச்சர் பள்ளிக்கூடத்தில் விவசாயம் படிப்பிக்கிறவர். கிளிநொச்சியில் பல காலம் இருந்துவிட்டு, தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டுக்குப் போன வருடம்தான் திரும்பியிருந்தார். அவரும் தனி. கண்ணாடிக்கு மேலால் அவர் பார்த்தால் சுபாஸ்கரனுக்கு வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த மாதிரி இருக்கும்.

அன்றைக்கு முற்றம் கூட்டி முடித்ததும் ரீச்சர் பனங்கட்டித் துண்டோடு தேத்தண்ணி கொண்டுவந்தார்.

“உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறன், ரீச்சர்.”

“கரைச்சல்தான். குடியுங்கோ, ஆறப்போகுது.”

மறுநாள் அவன் கயிறு போட்டுக் கொடியைத் தன் பக்கம் இழுத்துக் கட்டினான். கொஞ்ச நாள் அது அடங்கிக் கிடந்தது. பிறகு கயிற்றையே பிடித்துக்கொண்டு மதிலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தது.

“இஞ்சருங்கோ!”

இந்தமுறை அவன் யோசனை கேட்டான். “ரீச்சர், நீங்கள் உதெல்லாம் படிச்சனீங்கள். இதை என்னெண்டு அடக்கிறது?”

ரீச்சர் சற்று யோசித்தார். “ஒட்ட வெட்டிவிடுங்கோ.”

“முழுக்கவோ?”

“கொஞ்சமும் யோசியாதேங்கோ. வெட்டுங்கோ.”

விவசாய ரீச்சர் சொல்லிப் பிழைக்குமா? பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினான். ஒவ்வொரு கொப்பும் விழும்போது “கோவியாதை, கோவியாதை” என்று கொடியிடம் சொல்லிக்கொண்டான். கொடி கோபிக்கவில்லை. ஒரு மழை பெய்ததும் வெட்டிய கணுவெல்லாம் கிளைத்து, கிளையெல்லாம் குலைகுலையாய்ப் பூத்தது. அத்தனையும் ரீச்சர் வீட்டுப் பக்கம். பூவுக்குத் தேனீ வந்தது.

“இஞ்சருங்கோ! வாசலாலை வெளியிலை இறங்கேலாமல் கிடக்குது!”

தேனீயைக் கலைக்க அவன் மதிலோரம் தேங்காய்ப் பொச்சு மட்டையும் வேப்பங்குழையும் போட்டுப் புகை மூட்டினான். தேனீ எழும்பி அவனுடைய குசினிக்குள், அடுப்படியிலேயே, குடிபோனது. புகை மட்டும் போகாமல், கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த ரீச்சரின் சேலைகளில் ஏறி இருந்துகொண்டது.

“வகுப்பிலை பிள்ளையள் கேக்குதுகள், ரீச்சர் வீட்டிலை கருவாடு சுட்டதோ எண்டு.”

சுபாஸ்கரன் குன்றிப்போனான். “தாங்கோ ரீச்சர், நான் தோய்ச்சுத் தாறன்.”

“நீங்கள் ஒண்டும் தோய்க்க வேண்டாம். புட்டு அவிச்சிருக்கிறன். இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

புட்டோடு முட்டைப்பொரியலும் இருந்தது. இவ்வளவு தொல்லையையும் பொறுத்துக்கொண்டு சோறு தண்ணி தருகிற மனுசிக்கு மேலும் மேலும் துன்பம் செய்கிறோமே என்று நொந்துகொண்டே சாப்பிட்டான். மூன்றாந்தரம் புட்டு வைத்தபோதும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.

“மதிலுக்கு மேலை வலை கட்டிப் பாருங்கோவன்,” என்றார் ரீச்சர், சம்பலைக் கிட்டத் தள்ளிக்கொண்டு.

வலை கட்டினான். நல்ல உயரமாகவே கட்டினான். கொடிக்கு அது ஏணியாகப் போய்விட்டது. ஏறி, வளைந்து, ரீச்சரின் குசினிக் கூரையில் கால் வைத்து, ஓட்டுக்குள் நுழைந்து ஓட்டையே கிளப்பிவிட்டது. அடுத்த மழைக்கு அரிசிமாப் பேணிக்குள் ஒழுக்கு.

கூரையில் ஏறி ஓடு மாற்றிவிட்டு இறங்கியபோது மத்தியானம் ஆகியிருந்தது. கீழே நண்டுக்கறியும் சோறும் காத்திருந்தன. “கையைக் கழுவிப்போட்டு வாங்கோ,” என்றார் ரீச்சர். அவன் தலையைக் குனிந்துகொண்டே நண்டுக்காலை உடைத்தான்.

ஒன்று மட்டும் அவனுக்கு விளங்கவில்லை. அவனுடைய பக்கம் நின்ற கொப்புகள் இலை வெளிறி, மெலிந்துபோய் நின்றன. கடையில் வாங்கிய உரம் போட்டும் ஏறவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் இலை கறுத்துக் கொழுத்துக் கிடந்தது.

“உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?” என்று ஒருநாள் கேட்டும் பார்த்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். கோயிலால் வந்த ரீச்சர் அவனுடைய வாசல் படலையடியில் நின்றார். குரலில் வழக்கமான உரப்பு இல்லை.

“இந்த வருசம் இடமாற்றம் கேட்டு எழுதுவமோ எண்டு யோசிக்கிறன்.”

“எங்கை, ரீச்சர்?”

“வவுனியாப் பக்கம். இஞ்சை இருந்தும் என்ன? நானும் பாத்துப் பாத்துக் களைச்சுப்போனன்.”

அவர் போனபிறகும் சுபாஸ்கரன் அங்கேயே நின்றான். அவர் பார்த்துக் களைத்தது எதை என்று அவனுக்குத் தெரியாதா? விடியவும் பின்னேரமும் முற்றம் கூட்டி, தேனீக்குப் பயந்து, ஒழுகுகிற குசினிக்குள் சமைத்து... ஒரு பெண்பிள்ளையைத் தாய் தகப்பன் வீட்டை விட்டே துரத்துகிறோமே! அந்த வீட்டில் இனி விளக்கெரியாது, மதிலுக்கு மேலால் குரல் வராது என்று நினைக்க நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அது என்னவென்று அவன் ஆராயவில்லை. செய்யவேண்டியது தெளிவாகத் தெரிந்தது.

சனிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. மோட்டார்சைக்கிளை வெளியில் எடுக்காமல், கோடாலியை எடுத்துக்கொண்டு மதிலடிக்கு வந்தான். கொடியின் அடிமரம் இப்போது அவனுடைய மணிக்கட்டளவு பருத்திருந்தது. தடவிப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கொத்துக் கொத்தினான். பட்டை தெறித்தது.

“இஞ்சருங்கோ! என்ன சத்தம் அங்கை?”

அந்தப் பக்கத்தில் ரீச்சர் உரலை உருட்டி மதிலோடு போட்டு, அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தார். கோடாலியைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, என்ன செய்யிறியள்? நிப்பாட்டுங்கோ!”

“இனி உங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, ரீச்சர். வேரோடை எடுத்துவிடுறன். நீங்கள் மாற்றம் ஒண்டும் கேக்காதேங்கோ.”

“உந்தக் கொடியாலைதான் போறன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“வேறை என்னத்தாலை?”

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களைச் சுபாஸ்கரன் முதன்முதலாகப் பார்த்தான். அவை கலங்கியிருந்தன. கோடாலி தானாகவே கீழே இறங்கியது.

“நீங்கள் ஆசையாய் வளர்த்தது எல்லோ,” என்றார் மெதுவாக. “பின்னேரத்திலை அதுக்கு முன்னாலை போய் இருக்கிறனியள். எனக்குத் தெரியும்.”

“ஆசைதான். ஆனா நீங்கள் போனா...” அவன் நிறுத்தினான். இந்த வசனத்தை எப்படி முடிப்பதென்று நாற்பது வயது கடந்தும் அவன் பழகியிருக்கவில்லை. “நீங்கள் போனாப் பிறகு இது பூத்தென்ன, பூக்காட்டி என்ன, ரீச்சர்?”

மதிலைப் பிடித்திருந்த ரீச்சரின் விரல்கள் இறுகின.

அந்த நேரம் பார்த்து ரீச்சர் வீட்டு வாசலில் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் தடதடவென்று வந்து நின்றது. ஊரூராய் ஆட்டெரு விற்கிற முருகேசு, பின்பெட்டியிலிருந்து இரண்டு மூட்டைகளை இறக்கிப் படலைக்குள் போட்டார். உரலில் ஏறி நின்ற ரீச்சரின் முதுகு அவருக்குத் தெரிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற சுபாஸ்கரனைத் தெரியவில்லை. ரீச்சர் திரும்பி, பேசாதேங்கோ என்று இரண்டு கையாலும் காட்டினார். இரைந்துகொண்டிருந்த எஞ்சினுக்கு மேலால் முருகேசு தொண்டை கிழியக் கத்தினார்:

“ரீச்சர், மல்லிகைக் கொடிக்கு இந்த மாசத்து எரு கொண்டந்திருக்கிறன்! சுபாஸ்கரன் அண்ணை வேலைக்குப் போயிட்டாரோ, இல்லாட்டி வழமை மாதிரி ஒளிச்சு வைச்சிட்டுப் பிறகு வந்து கொடியடியிலை புதைக்கட்டோ?”