சூரியனைச் சமையலுக்கு வைத்தவர்

பம்பாயிலேயே சூரியனைச் சமையல்காரனாக வேலைக்கு வைத்த ஒரே மனிதர் எங்கள் அறையில்தான் இருந்தார். மற்ற வீடுகளில் சூரியன் துணி உலர்த்தும், வடாம் காயவைக்கும், அதோடு சரி. இவர் அதற்கு முழுநேர உத்தியோகம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை லீவுகூடக் கிடையாது.

அறுபதுகளில் மாதுங்காவில் ஒரு மூன்றாம் மாடி அறையில் நாங்கள் ஐந்து பிரம்மச்சாரிகள் குடியிருந்தோம். நான் அப்போதுதான் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். என் வேலை என்ன என்று அன்றைக்குத் தெரியவில்லை. ரிடையராக இன்னும் சில வருஷம் இருக்கிறது, அதற்குள் தெரிந்துவிடும் என்று நம்புகிறேன். இவர் ஒரு மெஷின் கம்பெனியில் படம் வரையும் டிராஃப்ட்ஸ்மேன். சர்க்கார் தேசத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டது. இவர் அறைக்குப் போட்டார். பெரிய தாளில், நாலு கலர் மசியில், அம்புக்குறிகளோடு வரைந்து சுவரில் ஒட்டினார். அன்றிலிருந்து அவர் பெயர் அஞ்சாண்டு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

முதல் திட்டம் தண்ணீர். குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். குளித்த தண்ணீரில் துணி அலச வேண்டும், அலசிய தண்ணீரில் தரை துடைக்க வேண்டும், துடைத்ததை மாடியில் வைத்திருந்த கல்வாழைத் தகரங்களுக்கு ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் மூன்று உத்தியோகம் பார்த்துவிட்டுத்தான் ரிடையராகலாம்.

குழப்பம் வரக் கூடாது என்று மூன்று பக்கெட்டில் பெயிண்டால் படம் எழுதினார். நல்ல தண்ணீருக்குக் கொக்கு, இரண்டாவதற்குக் காக்கை, மூன்றாவதற்கு எருமை. எருமை மட்டும் உயிரோடு நிற்பதுபோல் அமைந்துவிட்டது. அந்த அழகில் மயங்கி, ஒரு வாரம் நான் அதிலேயே முகம் கழுவினேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தவன் காசி. திருநெல்வேலிக்காரன், தாராவியில் ஒரு தோல் பட்டறையில் சூப்பர்வைசர், என் பக்கத்துப் பாய்.

"எண்ணே, எருமைத் தண்ணியிலயா மூஞ்சி களுவுதிய? நான் பட்டறையில இருந்து வந்தா நீங்க மூக்கப் பொத்துவிய, ஒரு வாரமா நான்லா பொத்திக்கிட்டு இருக்கேன்!"

அஞ்சாண்டு ஓடி வந்தார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எத்தனை நாள் கழுவினீர் ஓய்? அரிப்பு கிரிப்பு உண்டா? இல்லையா? பேஷ்! அப்போ அந்த ஜலம் நாம நினைச்சதைவிட சுத்தம். குறிச்சுக்கறேன்."

அடுத்தது குளியல் நேரம். கடிகாரம் பார்த்துக் குளிக்கச் சொன்னால் யாரும் கேட்கவில்லை. அதனால் ஒரு பாட்டு எழுதினார். பாட்டு முடியும்போது குளியலும் முடிய வேண்டும்.

"சொம்பு நாலு போதுமடா, சோப்பைக் கொஞ்சம் தேயுமடா" என்று தொடங்கும். மோகன ராகம். எல்லாருக்கும் பிடித்துவிட்டது, அதுதான் வினை. காசி உள்ளே போய் 'சொம்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாளியைக் காலி செய்தான். வெளியே துண்டோடு நாங்கள் கதவைத் தட்டினோம்.

"ஆலாபனை பண்ணாம எப்படிண்ணே பாட்டெடுக்கது? ஒரு மரியாதை வேண்டாமா?"

அஞ்சாண்டு கோபித்துக்கொள்ளவில்லை. "ராகம் தப்பு. வேகமா ஓடற ராகம் எதுன்னு பார்க்கணும்" என்று யோசனையில் ஆழ்ந்துவிட்டார். அவருக்கு மனிதர்கள் தப்பே செய்ய மாட்டார்கள். திட்டம்தான் தப்பாக இருக்கும்.

அப்புறம் வந்ததுதான் சூரிய அடுப்பு. கெரசினுக்குக் கியூவில் நின்று அலுத்துப்போய், ஒருநாள் தகர டின்னைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "மேல இவ்வளவு பெரிய அடுப்பு எரிஞ்சுண்டிருக்கு. நாம கீழ வரிசையில நிக்கறோம்" என்றார். தாராவியிலிருந்து டீத்தூள் வந்த மரப்பெட்டி வந்தது. குர்லாவில் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு சலூன் கண்ணாடி வந்தது. பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து, ஈயத் தாள் ஒட்டி, மேலே கண்ணாடிச் சட்டம் போட்டார். சலூன் கண்ணாடியை மூடிபோல் சாய்த்து நிறுத்தினார். பெட்டியின் முகப்பில் மீசை வைத்த சூரியன் ஒன்றும் வரைந்தார்.

"மீசை எதுக்கு?" என்றேன்.

"வெறும் சயின்ஸா இருந்தா ஒருத்தரும் கிட்ட வரமாட்டா ஓய். கொஞ்சம் அழகா இருந்தா, என்னன்னு பார்க்கவாவது வருவா."

முதலில் வந்தவர் எதிர்க் கட்டடத்து சேட். கண்ணாடியில் பட்ட வெயில் நேராக அவர் வழுக்கைக்குப் போய்விட்டது. "அரே மதராசி! மேரா சிர் ஜலா தியா!" என்று, தலை எரிந்துபோனதாகப் பால்கனியில் நின்று கத்தினார். அஞ்சாண்டு வணக்கம் போட்டு, "எவ்வளவு நேரத்தில் சுட்டது சேட்ஜி?" என்று இந்தியில் விசாரித்தார்.

ஆனால் அடுப்பு வேலை செய்தது. ஒன்பது மணிக்குப் பானையை உள்ளே வைத்தால் பன்னிரண்டுக்குச் சாதம் பூவாக இருக்கும். ஒரு பித்தளைப் பானை, அதன் வெளிப்புறம் முழுக்க விளக்குக் கரியை அப்பியிருந்தார். யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. ஏன் என்று நாங்கள் கேட்டிருக்கலாம். அவர் பதில் சொல்ல ஆரம்பித்தால் எட்டரை வண்டி போய்விடும் என்பதால், அந்த அறையில் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை.

இந்த நிலையில்தான் செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. அஞ்சாண்டுக்கு அப்போது முப்பத்தேழு வயது. முன்னால் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதலில் வந்த பெண்ணின் அப்பா எருமை பக்கெட்டைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாமவர் குளியல் பாட்டைக் கேட்டுவிட்டுப் போனார்.

"இந்தத் தடவை எல்லாத்தையும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவோம்ண்ணே" என்றான் காசி. "கல்யாணம் முடிஞ்சு ஒண்ணொண்ணா வெளிய எடுங்க."

அஞ்சாண்டு தலையை ஆட்டினார். "மறைச்சு வச்சுக் கல்யாணம் பண்ணிண்டா ஆயுசு பூரா மறைச்சுண்டே இருக்கணும். இதைப் பார்த்துட்டும் வர்றவா வரட்டும்."  பிறகு தணிந்த குரலில், "இதுவும் போச்சுன்னா இனிமே யாரையும் வரச் சொல்லப் போறதில்லை ஓய். முப்பத்தேழு போதும்" என்றார். திட்டம் இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன்.

மே மாத ஞாயிறு, பகல் பன்னிரண்டுக்கு வருவதாக ஏற்பாடு. சூரிய அடுப்பில் சர்க்கரைப் பொங்கல். காலையில் அவரை முகச் சவரத்துக்கும் சலவை வேஷ்டிக்குமாக அறையிலேயே பிடித்து வைத்துவிட்டு, அரிசியும் பருப்பும் களைந்து வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பானையை எடுத்தேன். கரியென்றால் அப்படி ஒரு கரி.

பெண் வீட்டார் வரும் நாளில் இப்படி ஒரு பாத்திரமா? எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் பளபளக்க வேண்டியது பித்தளை, அப்புறம்தான் நாங்கள். புளியையும் சாம்பலையும் போட்டு அரை மணி தேய்த்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக முடித்த ஒரே வேலை அதுதான். முகம் பார்த்துத் தலை வாரலாம் போல் ஆயிற்று பானை. அரிசி, பருப்பு, தண்ணீர் போட்டு, பெட்டியில் வைத்து மூடிவிட்டு, ரொம்பத் திருப்தியாகக் கீழே வந்தேன்.

பன்னிரண்டுக்குப் பெண்ணின் அப்பா வந்தார். ரயில்வேக்காரர், நிமிஷம் தவறவில்லை. பின்னாலேயே பெண்ணும் வந்தது. பெண்ணே நேரில் வரும் வழக்கம் அப்போது கிடையாது. "நானும் பார்க்கணும்னு பிடிவாதம்" என்று அப்பா சங்கடமாகச் சொன்னார். பெயர் விசாலம், ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட்.

எல்லாரும் மாடிக்குப் போனோம். அஞ்சாண்டு மூடியைத் தூக்கினார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு விநாடி பானையைப் பார்த்தார், ஒரு விநாடி என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'எப்படி மின்னுகிறது பார்த்தீரா' என்பதுபோல் சிரித்து வைத்தேன்.

பெண்ணின் அப்பா கரண்டியை விட்டுப் பார்த்தார். "வெந்நீர்ல ஊறப் போட்ட அரிசின்னா இது?"

"என் கணக்குல ஒரு தப்பு நடந்துடுத்து சார்" என்றார் அஞ்சாண்டு.

"வெயில்ல சமைக்கறதாவது! விசாலம், கிளம்பு. பஸ்ஸைப் பிடிச்சா ஆத்துல போய்ச் சாப்பிடலாம்."

விசாலம் கிளம்பவில்லை. பெட்டியைச் சுற்றி வந்தாள். முகப்பில் இருந்த மீசைக்காரச் சூரியனைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கண்ணாடிச் சட்டத்தின் மேல் விரலை வைத்து எடுத்தாள்.

"இதுக்கு முன்னால வெந்திருக்கா?"

"பத்து ஞாயித்துக்கிழமை."

"இதே பாத்திரமா?"

அஞ்சாண்டு சலூன் கண்ணாடியை மேல்துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் கறுப்புக் குடை வச்சிண்டிருக்கேன். மே மாசம் பஸ் ஸ்டாப்புல நின்னா குடைத்துணி அப்படிக் கொதிக்கும். பக்கத்துல நிக்கற பார்சிக்காரி வெள்ளைக் குடை வச்சிண்டிருப்பா, தொட்டுப் பார்த்திருக்கேன், அது சுடறதே இல்லை" என்றாள். "இந்தப் பாத்திரம் வர்ற வெயிலை எல்லாம் திருப்பி அனுப்பிச்சுடறது. இதை யாரு இப்படித் தேய்ச்சது?"

"அது... தானாவே..." என்று ஆரம்பித்தார் அஞ்சாண்டு. தன் கல்யாணம் கண்ணெதிரே படியிறங்கிப் போகும்போதும் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. பித்தளை தானாகவே தேய்ந்து மின்னும் என்று ஒரு விஞ்ஞானியைச் சொல்ல வைத்துவிட்டேனே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தான்" என்றேன். "புளி போட்டு. அரை மணி நேரம்."

"அரை மணியா!" என்று காசி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு நாளாவது உங்க சாப்பாட்டுத் தட்ட அப்படித் தேச்சிருக்கியளாண்ணே?"

"கரி கிடைக்குமா?" என்று கேட்டாள் விசாலம்.

மூன்று மாடியையும் நான் அவ்வளவு வேகமாக இறங்கியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாசலில் கரிப்பெட்டியால் துணி தேய்க்கும் பையாவிடம் ஒரு கை கரி கேட்டேன். "க்யா கரேகா பாபு?" என்று காரணம் கேட்டான். "ஷாதி, கல்யாணம்!" என்று கத்திவிட்டு ஏறினேன்.

விசாலம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கரியைப் பொடித்து, தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தாள். "புதுப் புடவைடீ!" என்று அப்பா அலறினார். அஞ்சாண்டு பானையைப் பிடித்துக்கொள்ள, அவள் பூசினாள். ஜாதகம் பார்த்தவர்கள் அன்றைக்கு இந்த இருவர் கையைப் பார்த்திருக்க வேண்டும், நாலும் ஒரே கறுப்பு.

மறுபடி மூடி வைத்தோம். ரயில்வேக்காரர் கோபமாகத் தண்ணீர்த் தொட்டி நிழலில் போய் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து ஒருதரம் எழுந்து வந்து பார்த்தார். அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் வந்தார். கண்ணாடிச் சட்டத்தின் உள்பக்கம் ஆவி படிந்தபோது முதலில் கத்தியது அவர்தான்.

"ஏய், வேர்க்கறதுடா இதுக்கு!"

இரண்டரை மணிக்குப் பானையைத் திறந்தோம். குழைய வெந்திருந்தது. சூட்டோடு சூடாக வெல்லத்தைப் போட்டுக் கிளறினோம். பசியில் ரயில்வேக்காரர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். கையை அலம்பிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"எல்லாம் சரி. ஜூன் பிறந்து மழை கொட்டினா என்ன பண்ணுவேள்?"

அஞ்சாண்டு நோட்டை எடுத்துப் புரட்டினார். ஐந்தாண்டுத் திட்டத்தில் மழைக்காலத்துக்குக் கட்டமே இல்லை.

"அந்தத் திட்டத்தை என்கிட்ட விடச் சொல்லுங்கோப்பா" என்றாள் விசாலம், நகத்திலிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டே.

ஆவணியில் கல்யாணம். செம்பூரில் மொட்டை மாடியோடு ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் இடத்துக்கு ஒருவர் வந்தார். தங்கமான மனுஷர். காலையில் எழுந்தார், ஆபீஸ் போனார், வந்தார், படுத்தார். ஒரு குறை சொல்ல முடியாது. ஒரே மாதத்தில் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பழைய ஆட்கள் நாலு பேரும் செம்பூர் பஸ்ஸுக்கு ஒரே கியூவில் நின்றோம். விசாலம் கதவைத் திறந்து, "இப்பத்தான் உலை வச்சோம். சாதம் ஆக மூணு மணி நேரம் ஆகுமே" என்றாள் கவலையாக.

எங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை என்றோம்.