குப்புறவா, மல்லாக்கவா?

அடுத்தவர் வாயிலிருந்து வார்த்தை விழுவதற்குள் அதைப் பிடித்து, தூசி தட்டி, திருத்தித் திருப்பிக் கொடுக்கும் இனம் ஒன்று உண்டு, வாசகரே. நம்மவர் அந்த இனத்தில் நல்ல ஜாதி. கிடங்கு மேற்பார்வையாளர். வேலை செய்யுமிடத்தில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் திமிர் என்றும் பொருள் இருப்பதை அவருக்கு யார் சொல்வது?

மூட்டைகள்மேல் மல்லாந்து தூங்கும் காவலாளியைக் காட்டி யாராவது “ப்ரோனா கிடக்கார்” என்று இங்கிலீஷ் பேசிவிட்டால் போதும். “ப்ரோன்னா குப்புற! மல்லாக்கன்னா சுப்பைன். ‘ப்ரோன் டு’ன்னா மட்டும், நோய் மாதிரி எதுக்காவது சட்டுனு ஆளாகற சுபாவம்” என்று தொடங்கி, டீ ஆறி, கேட்டவர் நழுவி, எதிரில் சுவர் மட்டும் மிஞ்சும்வரை விளக்குவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி விளக்கு மாட்ட ஸ்டூலில் ஏறினான். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் போனான். மனைவி பதறி ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

“என் தம்பி விழுந்துட்டான்! ப்ரோனா கிடக்கான், எழுந்திரிக்க முடியல!”

இத்தனை வருடக் குடித்தனத்தில் ஒட்டிக்கொண்ட வார்த்தை. தலைகீழாக ஒட்டியிருந்தது.

அகராதி போனைப் பிடுங்கினார். “மன்னிக்கணும், அவர் மல்லாக்கதான் கிடக்கார். அதுக்கு ப்ரோன்னு சொல்லக் கூடாது.”

“சார், அட்ரஸ் சொல்லுங்க!”

“சொல்றேன். முதல்ல சுப்பைன்னு திருத்திக்குங்க.”

தரையிலிருந்து ஈனக்குரல் வந்தது. “அத்தான்... எப்படிப் படுத்தா வண்டி வரும்? அப்படியே படுத்துக்கறேன்.”

மனைவி போனை மீட்டு முகவரி சொன்னாள். வண்டி வந்தது. எக்ஸ்ரேயில் விலா எலும்பில் விரிசல் தெரிந்தது. “மல்லாக்கத்தான் படுக்கணும்” என்றார் டாக்டர். வராந்தாவில் மனைவி பல்லைக் கடித்தாள். “இனிமே ஒரு வார்த்தை திருத்தினீங்க, அடுத்து ஸ்டூல்லேர்ந்து விழப்போறது நீங்கதான்.”

சற்று நேரத்தில் தம்பி சக்கர நாற்காலியில் வார்டுக்கு வந்தான். அவசரத்தில் இருந்த நர்ஸ் அங்கிருந்த ஊழியரிடம், “இவரை ப்ரோனா படுக்க வைப்பா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அகராதியின் வாய் தானாகத் திறந்தது. மனைவி முறைத்தாள். வாய் மூடிக்கொண்டது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு திருத்தத்தை விழுங்கினார்.

ஊழியரோ வேலை தெரிந்தவர். சொன்ன வார்த்தைக்குச் சரியாக, குப்புறக் கிடத்தினார்.

அலறலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸ் ஓடிவந்து புரட்டிப் போட்டாள்.

“உங்களுக்குத் தெரியும்ல?” என்றாள் மனைவி.

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் வாயத் திறக்கல?”

அகராதியில் அதற்குப் பதில் இல்லை. மைத்துனனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. தம்பி மூச்சை இழுத்துப் பிடித்துச் சொன்னான்: “பேசிடுங்க அத்தான். நீங்க பேசினா காது மட்டுந்தான் வலிக்குது.”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால், ப்ரோன் என்றால் குப்புறதானா என்று நடுவில் கைபேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தானே இந்த வரிக்கு வந்தீர்கள்?