நூறு டாலரும் ஐந்து மணியும்

ஏ.டி.எம். இயந்திரம் மூன்றாவது தடவையும் "தவறான எண்" என்று சொல்லிவிட்டு, கார்டை விழுங்கிக்கொண்டது.

ஆடிட்டர் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரகசிய எண்ணைத் திருடன் கண்டுபிடிக்கக் கூடாதென்று நோட்டில் தலைகீழாக எழுதி வைத்திருந்தார். அதையும் எவனாவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வதென்று இரண்டு எண்களை இடம் மாற்றியிருந்தார். எந்த இரண்டு என்பதை மட்டும் எழுதி வைக்கவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு பாய்மரப் படகு வாங்கி, பதினோரு தீவுகளுக்குத் திட்டம் போட்டவர் அவர். எந்தத் தீவில் எத்தனை நாள், எத்தனை தக்காளி என்பதுவரை நோட்டில் இருந்தது. இது நான்காவது தீவு. கிளம்ப வேண்டுமானால் துறைமுக அலுவலகத்தில் நூறு டாலர் ரொக்கமாகக் கட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இன்று ஐந்து மணியோடு அலுவலகம் மூடுகிறது. நாளையிலிருந்து இரண்டு வாரம் அங்கே வெள்ளையடிக்கிறார்கள். அதற்குள் காற்று திசை மாறிவிடும். அப்புறம் நாலு மாதம் இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

"கிடந்தா என்னங்க? ஆடாத கட்டில்ல படுத்து மூணு மாசமாச்சு" என்றாள் மனைவி. அலை அவளுக்கு ஒத்துக்கொள்வதே இல்லை.

"நோட்டுல இல்லையே."

அவளுக்குத் தனிக் கார்டும் இல்லை. குடும்பத்தில் இரண்டு கார்டு இருந்தால் கணக்கு குழம்பும் என்பது ஆடிட்டரின் கொள்கை. ஆனாலும் யோசனை சொன்னவள் அவள்தான்.

"படகுத்துறையில பணம் அனுப்புற கடை இருக்கே. பேங்க்லேர்ந்து அங்க அனுப்பச் சொல்லுங்களேன்."

நல்ல யோசனைதான். வங்கியும் ஒத்துக்கொண்டது. ஓடிபி மட்டும் வேண்டுமாம். அது ஊரில் விட்டுவந்த பழைய போனுக்குத்தான் போகும். போன் இருப்பது மைத்துனனிடம். மனைவி தக்காளி வாங்கப் போயிருந்த நேரத்தில் அவனைக் கூப்பிட்டார்.

"மச்சான், ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"யாருங்க நீங்க?"

"உன் அத்தான்டா."

"எங்க அத்தான் நடுக்கடல்ல இருக்காரு."

"கரைக்கு வந்திருக்கேன்டா. என் குரல் தெரியலையா?"

"குரலை அப்படியே எடுத்துட்டீங்க. கோபம்கூட அவரு மாதிரியே வருது. ஆனா, கேக்கறது கடவுளே ஆனாலும் ஓடிபி சொல்லாதேன்னு அத்தான் எழுதி ஒட்டிட்டுப் போயிருக்காரு."

ஆடிட்டர் பல்லைக் கடித்தார். "ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு மூணு தடவை போய் மூணு தடவையும் விழுந்தவன்தானே நீ? இது வேற யாருக்குத் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். அத்தானே சொல்லிட்டாரு."

போன் வைக்கப்பட்டது. கால் மணி நேரத்தில் வங்கியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மோசடிக்காரன் ஒருவன் பேசுவதாக மைத்துனன் புகார் கொடுத்துவிட்டான். கணக்கு மொத்தமும் முடக்கம்.

மணி மூன்று.

"அவசரத்துக்குன்னு பிஸ்கட் டப்பாவுல வெச்சீங்களே" என்று நினைவூட்டினாள் மனைவி.

படகுக்குத் திரும்பி, சமையலறைத் தரைப் பலகையைப் பெயர்த்து டப்பாவை எடுத்தார். ஐந்து இருபது டாலர் நோட்டுகள். சரியாக நூறு. எல்லாம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு அப்பளம் போலிருந்தன.

"இப்படியே நீட்டினா வாங்குவாங்களா? குடுங்க, காயவைக்கிறேன்."

மேல்தளத்துக் கயிற்றில், அவருடைய பனியனுக்குப் பக்கத்தில் வரிசையாகத் தொங்கவிட்டாள். கிளிப் பனியனுக்கு இருந்தது. நோட்டுக்கு இல்லை. ஒரு காற்று வந்தது. மூன்று நோட்டுகள் அவர் கண்ணெதிரே கடலுக்குப் போயின.

"அச்சச்சோ" என்றாள் மனைவி. "அந்தப் பக்கத்துப் படகுக்காரர் நம்ம தோணி மோட்டாரை ஒருநாள் விலை கேட்டாரே?"

கரைக்குப் போய்வரும் சின்னத் தோணியின் மோட்டார் அது. அறுநூறுக்கு வாங்கியது. பக்கத்துப் படகுக்காரர் பேரமே பேசாமல் அறுபது கொடுத்தார். ஆடிட்டர் அந்த வரவை நோட்டில் எழுதவில்லை. கை வரவில்லை.

ஆக, நூறு டாலர் சேர்ந்துவிட்டது. மணி நாலேகால். மோட்டார்தான் இல்லை.

"நானும் துடுப்புப் போடறேங்க" என்று மனைவி கூட ஏறிக்கொண்டாள். ஆளுக்கொரு துடுப்பு. அவர் முன்னே இழுத்தார். அவள் என்ன இழுத்தாளோ, தோணி நங்கூரம் போட்டிருந்த படகுகளுக்கு நடுவே அழகாக வட்டமடித்தது. மற்ற படகுக்காரர்கள் கையசைத்தார்கள்.

"இந்தப் பக்கம் வலி!"

"அப்படித்தாங்க வலிக்கிறேன். கை வேற வலிக்குது."

படகுத்துறையில் கால் வைத்தபோது மணி ஐந்து ஏழு. அலுவலகக் கதவில் பூட்டு. வாசலில் ஏணியும் சுண்ணாம்பு வாளியும் வந்துவிட்டிருந்தன. ஆடிட்டர் கையில் நூறு டாலரோடு படியில் உட்கார்ந்தார்.

மனைவி குனிந்து தோணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். படியில் வைத்திருந்த அவளுடைய கைப்பையில் போன் அடித்தது. திரையில் மைத்துனன் பெயர். அவரே எடுத்துக் காதில் வைத்தார். வாயைத் திறக்குமுன் அந்தப் பக்கம் பேசிவிட்டது.

"அக்கா, அங்க மணி அஞ்சு தாண்டிடுச்சில்ல? இனிமே அத்தானுக்கு ஓடிபி சொல்லிடலாமா?"