கூறைச் சேலையும் ஒரு கிலோ இறாலும்

எனக்குச் சந்தேகப் புத்தி. முட்டைக் கடையில் பத்து முட்டையை மூன்று தடவை எண்ணுவேன் (மூன்று தடவையும் பத்துதான் இருக்கும், அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தரும்). வீட்டுக்கு யாராவது பலகாரம் கொண்டுவந்து தந்தால், என்ன உதவி கேட்கப் போகிறார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் கடிப்பேன். இந்தப் புத்தியை அறிவு என்று நான் நம்பியிருந்த காலமும் ஒன்று இருந்தது. அது ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மட்டக்களப்புச் சந்தையில், ஐம்பது பேர் பார்த்திருக்க முடிவுக்கு வந்தது.

அன்று என் மனைவி வதனி என்னிடம் இரண்டே இரண்டு சாமான்கள்தான் கேட்டாள்.

"கட்டில் விரிப்பு ஒண்டு, இறால் ஒரு கிலோ. விரிப்பு பூப்போட்டது வேணாம். கெதியா வந்திருங்க."

நான் புடவைக் கடைக்குப் போய்ப் பூப்போட்ட விரிப்பையே வாங்கினேன். கடைக்காரர் பூ இல்லாததைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். அவர் ஏன் அதைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

விரிப்பைக் கடைப் பையில் போட்டு, வாயை மடித்துப் பின் அடித்துத் தந்தார்கள். அதை மேசையில் வைத்துவிட்டு, மிச்சக் காசு நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் நடந்தேன்.

நாலு கடை தாண்டியிருக்க மாட்டேன், பின்னால் ஒருவர் வருவது தெரிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த, பெரிய உடம்பு. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாயோரத்தில் இரத்தம் (எங்கேயோ அடிபட்டு வந்த சண்டியன் என்று முடிவு கட்டினேன்). நான் நின்றால் அவரும் நின்று கையைக் காட்டினார். நான் நடந்தால் அவரும் நடந்தார். கையில் என்னுடையதைப் போலவே ஒரு பை.

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதல் நாள்தான் என் மச்சான் குடும்பக் குழுவில் ஒரு வாட்ஸ்அப் எச்சரிக்கை போட்டிருந்தான்: 'உங்கள் பையைப் போலவே பை கொண்டுவருவார்கள். கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடுவார்கள். பகிரவும்.' நானும் பதினேழு பேருக்குப் பகிர்ந்திருந்தேன்.

பப்பாப்பழக் கடையில் ஒதுங்கி, பழங்களை அமுக்கிப் பார்ப்பதுபோல் நின்றேன். அவரும் எதிர்க் கடையோரம் நின்று என் பையையே பார்த்தார். "ம்ம்... ஊம்..." என்று ஏதோ உறுமினார். நான் அமுக்கிய பழம் உடைந்தது. கடைக்காரம்மா கத்தத் தொடங்குமுன் மீன் சந்தைக்குள் நுழைந்துவிட்டேன்.

"விடியக்காலம வாவியில பிடிச்சது, சேர். துடிக்கிது பாருங்க" என்றார் இறால் வியாபாரி. நான் பார்க்கவில்லை. என் வாழ்க்கையிலேயே மணந்து பார்க்காமல், விலை கேட்காமல், தராசைப் பார்க்காமல் சாமான் வாங்கியது அன்றுதான். கண் இரண்டும் வாசலில் நின்ற சண்டியன் மேல் இருந்தன. ஓட நேர்ந்தால் ஒரு கையாவது சும்மா இருக்க வேண்டுமே! கடைப் பையின் பின்னைப் பிய்த்து, சொட்டிக்கொண்டிருந்த இறால் பையை உள்ளே திணித்தேன்.

அதைக் கண்டதும் அந்த மனிதர் "ஊஊ!" என்று அலறியபடி ஓடிவந்து என் பையைப் பிடித்தார்.

"கள்ளன்! கள்ளன்! பிடிங்க!" என்று கத்தினேன்.

நம் சனம் உதவிக்கு வருவதில் குறை வைப்பதில்லை. இரண்டு பேர் அவருடைய கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். யாரோ ஒருவர் பிடரியில் ஒரு தட்டும் தட்டிவிட்டார். அவர் எதிர்க்கவில்லை. கண் கலங்கி, தன் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். பை பிரிந்து, உள்ளேயிருந்தது வெளியே வந்தது.

பூப்போட்ட கட்டில் விரிப்பு. பெரிய பெரிய மஞ்சள் பூ. என்னுடையது.

ஓட்டோக்காரர் ஒருவர் அந்த மனிதரின் சட்டைப் பையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டை எடுத்து வாசித்தார். "பல்லுக் கிளினிக் துண்டு இது. ஆள் பல்லுப் புடுங்கிற்று வந்திரிக்காரு. வாய்க்குள்ள பஞ்சு."

பிடித்தவர்கள் கையை விட்டார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த மனிதர் என்னிடமிருந்து பையை வாங்கி, இறாலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, அரக்குச் சிவப்பில் சரிகை மின்னும் ஒரு சேலையை இழுத்தார். ஒரு தலைப்பு இறால் தண்ணியில் ஊறியிருந்தது. அதோடு ஒரு கலியாண அழைப்பிதழும் விழுந்தது. ஊர் கதிரவெளி. அவருடைய மகளின் கலியாணம். மறுநாள் காலை முகூர்த்தம்.

"ஐயோ, கூறை!" என்றார் மீன் வாங்க வந்த ஒரு பெண். அந்த மனிதர் அப்படியே ஈரத் தரையில் குந்திவிட்டார். நான் வதனிக்குப் போன் எடுத்தேன். வேறு என்ன செய்ய?

ஸ்கூட்டியில் வந்த வதனி சேலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என்னை ஏசவில்லை (அது அடுத்த ஆறு மாதத்துக்கு இருந்தது). "அண்ணன், எழும்புங்க. வீட்ட வாங்க. நான் சரியாக்கித் தாறன்" என்றாள்.

வீட்டில், நனைந்த தலைப்பை மட்டும் தலைக்குப் போடும் ஷாம்பு இரண்டு துளி விட்டு மெல்ல அலசினாள். பட்டுச் சேலையை வெயிலில் போடக்கூடாது. கொடியில் போட்டால் தடம் விழும் என்றாள். ஆகவே விறாந்தையில் நான் ஒரு நுனி, அவர் மறு நுனி. இரண்டு மணி நேரம் வாவிக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றோம். பக்கத்து வீட்டுப் பூனை வந்து சேலைக்குக் கீழே உட்கார்ந்து எங்களையே பார்த்தது. அவருக்குப் பஞ்சால் பேச முடியவில்லை. எனக்கு வெட்கத்தால்.

சேலை காய்ந்தது. அவர் பஞ்சைத் துப்பி, வாய் கொப்பளித்தார். பெயர் தங்கராசா. தையல்காரர் அதே கடைப் பையில் போட்டுப் பின் அடித்துத் தந்த கூறையோடு, தனக்கு வேட்டி எடுக்கத்தான் அந்தப் புடவைக் கடைக்கு வந்தாராம். நான் நோட்டுப் பார்த்த மேசையில்தான் தன் பையையும் வைத்தாராம். ஏச்சைக் கேட்கத் தலையைக் குனிந்து நின்றேன். அவர் குசினி வாசலில் கிடந்த இறாலை எட்டிப் பார்த்தார். நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதர்.

"தம்பி, கோவிக்காதைங்க. இது முந்தநாள் இறால். உங்கள நல்லா ஏமாத்திற்றான்."

வதனி சிரித்த சிரிப்பில் பூனை ஓடிவிட்டது.

போகும்போது அவர் இரண்டே இரண்டு விஷயம் கேட்டார். "கூறை மாப்பிள்ள வீட்டுக்காரர் எடுத்துத் தந்தது. அவங்களுக்கு இது தெரியப்படாது. நீங்க குடும்பமா கலியாணத்துக்கு வரணும்." வருவோம், ஒருவருக்கும் சொல்லவும் மாட்டோம் என்று சத்தியம் செய்துகொடுத்தேன்.

மறுநாள் போனோம். கூறை உடுத்து மணப்பெண் வந்து அமர்ந்தாள். ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் எனக்குத்தான் சந்தேகப் புத்தியாயிற்றே! மணமக்களோடு படம் எடுக்க மேடையேறியபோது, நைசாகக் குனிந்து மூச்சை இழுத்தேன். மல்லிகை வாசம்தான். அந்த நொடியில் படக்காரர் அமுக்கிவிட்டார்.

அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. எல்லோரும் முன்னால் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் மணப்பெண்ணின் தோள்பக்கம் கண்ணை மூடி மூக்கை நீட்டியிருக்கிறேன். மாப்பிள்ளை என்னையே பார்க்கிறார். சிரிக்கவில்லை.

இன்றைக்கும் நாங்கள் கதிரவெளிக்குப் போனால், அந்த மாப்பிள்ளை எனக்கும் தன் மனைவிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவார். உண்மையைச் சொல்லலாம் என்றால் சத்தியம் தடுக்கிறது. தங்கராசா அண்ணன் மட்டும் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வருவார். வதனியோ ஒவ்வொரு முறையும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் காதில் சொல்வாள்:

"மூக்கையும் இதிலயே கழட்டி வெச்சிற்று வாங்க."