புல்வெளியில் பத்தொன்பது வட்டங்கள்

மூன்றாவது வட்டத்தைச் சர்வேயர் செவ்வாய்க்கிழமை காலையில் கண்டுபிடித்தார். சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் வைக்கோல் நிறம், விளிம்பில் மட்டும் கரும்பச்சை. நாடாவைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். இருபத்திரண்டு சென்டிமீட்டர்.

ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியும் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். அந்தப் புல்வெளி அவருடைய அப்பா குத்துக் குத்தாக நட்டது. இரண்டு அக்காக்களின் திருமண வரவேற்பும் அதில்தான் நடந்தது. இன்னும் நான்கு வாரத்தில் ஒரே மகளின் வரவேற்பு. சம்பந்தி மண்டபம் பார்க்கலாம் என்றபோது சர்வேயர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லியிருந்தார்: "எங்க வீட்டு விசேஷம் வாடகை எடத்துல நடந்ததில்ல." சொன்னது சொன்னதுதான். அந்தக் குடும்பத்தில் யாரும் சொல்லைத் திரும்ப வாங்கியதில்லை.

வட்டங்களுக்குக் காரணம் மகள் வளர்க்கும் பெண் நாய். அதன் பட்டப்பெயர் சீமாட்டி. ஆண் நாயாக இருந்தால் சுவரோரம் காலைத் தூக்கிவிட்டுப் போகும். சீமாட்டி புல்வெளியின் நடுவே வந்து, நாலு பக்கமும் பார்த்து, நிதானமாக உட்காருவாள்.

தோட்டக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, நாய் மூத்திரத்தில் இருக்கும் உப்பு வேரைக் கருக்கிவிடுகிறது என்றார். அது இறங்குவதற்குள் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துவிட வேண்டும், தாமதித்தால் போச்சு என்றார்.

தாமதம் சர்வேயருக்குப் பிடிக்காத சொல். வேலையில் இருந்த நாளில் அவர் அறிக்கை சுடச்சுடப் போகும். கடிதம் வந்தால் பதில் சுடச்சுடப் போகும். தப்பு செய்தவனுக்குத் திட்டும் அப்படியே. அவர் காலை நடைக்குப் போகும் நேரத்தில் நாயை வெளியே விடுவது சமையல்காரம்மா. அவளைக் கூப்பிட்டார்.

"நாய் எங்க உக்காந்தாலும் அந்த எடத்துல சுடச்சுட ஒரு வாளி தண்ணி ஊத்தணும். ஊத்தின எடத்துல நம்பர் போட்டு ஒரு குச்சி நடணும். நாள் தவறக் கூடாது."

அவள் ஏதோ கேட்க வாய் திறந்தாள். சர்வேயர் கையை உயர்த்தினார். "இந்த வீட்ல ஒரு தடவ சொன்னா போதும்." அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஒரு வாரத்தில் வட்டங்கள் ஒன்பது ஆயின.

சர்வேயர் புல்வெளியை அளந்து வரைபடம் போட்டார். ஒவ்வொரு வட்டமும் அதன் எண்ணோடு, வாசற்படியிலிருந்து உள்ள தூரத்தோடு, சிவப்பு மையில். வரைபடம் அழகாக இருந்தது. புல் இல்லை.

கால்நடை மருத்துவரிடம் போனார். நாய் நிறையத் தண்ணீர் குடித்தால் மூத்திரம் நீர்த்துப்போகும், வீரியம் குறையும் என்றார் மருத்துவர். சீமாட்டியின் சாப்பாட்டில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வைத்தார்கள். அவள் ஆசையாகச் சாப்பிட்டாள். காலையில் ஒரு முறை உட்கார்ந்தவள் மூன்று முறை உட்கார்ந்தாள். வட்டங்கள் பதினான்கு ஆனதும் அந்தச் சாப்பாட்டை நிறுத்தினார்கள்.

"டாக்டருக்கு நம்ம புல்லு மேல என்ன கோவமோ," என்றாள் மனைவி.

காய்ந்த இடங்களைத் தோண்டி எடுத்து, பின்பக்கத்திலிருந்து பச்சைப் புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிவந்து பதித்தார் தோட்டக்காரர். மறுநாள் சீமாட்டி புதுச் சதுரங்களை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்தாள். சதுரங்கள் வட்டங்களாகக் கருகின. அவற்றுக்குத் தெம்பு வரட்டும் என்று சர்வேயர் யாரையும் கேட்காமல் ஒரு படி யூரியா தூவினார். எரிந்ததைச் சுற்றி எரியாமல் இருந்ததும் எரிந்தது.

தோட்டக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "உப்பு அதிகமாகித்தான் கருகுதுன்னேன். நீங்க மேல இன்னும் கொஞ்சம் போட்டிருக்கீங்க." பிறகு ஒரு வட்டத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு புரியல ஐயா. நாய் போனா ஓரத்துல பச்சை நிக்கணும். இது ஓரம் வரைக்கும் வெந்த கீரை மாதிரி இருக்கு. தண்ணி ஊத்தறாங்களா?"

"நானே பாத்தேன்," என்றார் சர்வேயர். உண்மைதான். ஒருநாள் நடைக்குக் கிளம்பும்போது, சமையல்காரம்மா வாளியின் பிடியில் துணியைச் சுற்றிப் பிடித்து, சிந்தாமல் சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்து வருவதைப் பார்த்திருந்தார். சொன்ன வேலையில் இவ்வளவு பயபக்தியா என்று மனம் நிறைந்துபோனது.

வட்டங்கள் பத்தொன்பது. வரவேற்புக்குப் பன்னிரண்டே நாள். சர்வேயருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புல்வெளிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். கண்ணை மூடினால் நூறு நாற்காலிகளும், அவற்றின் கால்களுக்கிடையே கருகிய வட்டங்களும், அவற்றை ஒன்று இரண்டு என்று எண்ணும் சம்பந்தியும்தான் தெரிந்தார்கள்.

அந்த வியாழக்கிழமை சம்பந்தி தொலைபேசியில் பேசினார். குரலில் தேன். அந்தப் பக்கம் வந்த யாரோ புல்வெளியைப் பற்றி ஏதோ சொன்னார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்க. மண்டபம் இன்னும் காலியாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல வந்து பாத்துட்டு முடிவு பண்ணிடலாமே."

சர்வேயர் தொலைபேசியை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாய் அவருடைய நண்பரின் பண்ணைக்குப் போகும் என்றார். வண்டிக்குச் சொல்லியாயிற்று.

"பத்து நாள் அங்க இருந்துட்டு வரட்டும்," என்றாள் மகள்.

"வராது."

"அப்பா, கல்யாணம் ஆனதும் அவள என்னோட கூட்டிட்டுப் போறதாத்தானே பேச்சு?"

"புல்ல அழிக்கிற நாய்னு பேர் எடுத்தத எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சம்பந்தி வீட்டுக்கு அனுப்பறது? இதே குறைய நாளைக்கு ஒன் தலைல கட்டுவாங்க."

மகள் சமையலறைக்குப் போனாள். சீமாட்டியின் கிண்ணத்தைக் கழுவத் தொடங்கினாள். ஏற்கனவே கழுவியிருந்த கிண்ணம்.

இந்தக் கலவரத்தில் சமையலறையிலும் ஒரு குறை. ஒன்றரை மாதம் வரவேண்டிய கேஸ் சிலிண்டர் மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று மனைவி முணுமுணுத்தாள். மூன்று நாளாகச் சாப்பாடு ஓட்டலிலிருந்து வந்தது. சர்வேயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சம்பந்தி வந்தார். வாசலில் பண்ணை வண்டி. மகள் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீமாட்டி வெளியூர்ப் பயணம் என்று நினைத்து வாலை ஆட்டினாள்.

சர்வேயர் சம்பந்தியைப் புல்வெளிப் பக்கம் போகவிடாமல் வாசலிலேயே நிறுத்திப் பேச்சை வளர்த்தார். முதலில் வெயில், பிறகு முழங்கால் வலி. ஆனால் பேசிக்கொண்டே அவர் கண் புல்வெளிக்குப் போனது. இருபதாம் எண் குச்சி. இருபத்தொன்று. இருபத்திரண்டு. வியாழன், வெள்ளி, சனி. மூன்று குச்சிகளையும் சுற்றிப் புல் தளதளவென்று நின்றது.

சர்வேயர் சம்பந்தியை மறந்து ஓடினார். சலவை வேட்டியோடு மண்டியிட்டார். தடவினார். பச்சை. மூன்றுமே பச்சை.

எழுந்தபோது அவர் முதுகு பழையபடி நிமிர்ந்திருந்தது. சம்பந்தியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டினார். நோய் நின்றுவிட்டது, பழைய வட்டங்களில் இன்றே புதுப் புல் பதித்துத் தண்ணீர் விட்டால் ஒன்பது நாளில் வேர் பிடித்துவிடும் என்றார். சம்பந்தி ஒப்புக்குத் தலையாட்டினார். பண்ணை வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். மகள் நாயைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இது எப்படி திடீர்னு நின்னுச்சு?" என்றார் சம்பந்தி.

"கட்டுப்பாடு," என்றார் சர்வேயர். "இந்த வீட்ல நான் ஒரு தடவ சொன்னா போதும். யாரும் எதிர்க் கேள்வி கேக்க மாட்டாங்க. சொன்னது சொன்னபடி நடக்கும்." ஓட்டல் காபியைக் கொண்டுவந்த சமையல்காரம்மாவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா. நான் சொன்னதுல ஒரு நாளாவது தவறினீங்களா?"

சமையல்காரம்மா தட்டைப் புல்லின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. கேஸ் தீந்துபோனதால மூணு நாளா சுடச்சுட ஊத்த முடியல, பச்சத் தண்ணியத்தான் ஊத்தினேன்."