பூதம் முன்னால் வரட்டும்

பூதம் விழவில்லை.

ஃபாஸிலுக்கு இது புது அனுபவம். ஹட்டனில் அவனுடைய ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும் இந்த விளையாட்டில், அவனுடைய வீரன் ஷம்ஷீர் இரண்டு வருடமாக எல்லாவற்றையும் முதல் வெட்டிலேயே சாய்த்து வந்தவன். விளையாட்டு என்றால் அவரவர் வீரனின் விவரம் எழுதிய தாள், பென்சில், இருபது முகப் பகடை, அவ்வளவுதான். கதை சொல்வது கொட்டகலையில் கணிதம் படிப்பிக்கும் சுதர்ஷினி டீச்சர். பூதங்களின் விவரமெல்லாம் அவர் முன்னால் நிமிர்த்தி வைத்த ஃபைலுக்குப் பின்னால் இருக்கும். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது.

"நல்ல வெட்டுதான்," என்று டீச்சர் ஃபைலில் எதையோ குறித்துக்கொண்டார். "ஆனா பூதம் நிக்குது. கையில பன்னிரண்டு அடி ஈட்டி. உங்கள எத்தித் தள்ளிட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருச்சு."

"அப்ப ஓடிப்போய் வெட்டுறன்."

வாள் எட்டுமுன் ஈட்டி எட்டியது. நாற்பதாக இருந்த ஷம்ஷீரின் உயிர் இருபத்தெட்டானது.

"கேடயத்த வீசிட்டு ரெண்டு கையாலயும் வெட்டுறன்!"

கேடயம் இல்லாத நெஞ்சில் ஈட்டி இன்னும் ஆழமாக இறங்கியது. பதினைந்து.

"பாலத்துக் கைப்பிடியில ஏறி மேலருந்து பாயுறன்!"

பாய்ந்தான். ஈட்டியின் மேலேயே வந்து இறங்கினான். நான்கு.

"மொதலாளி, அடுப்புக்குத் தாள் ரெடியா?" என்றான் திரீவீலர் ஓட்டும் கிஷாந்த்.

அந்த மேசையின் சட்டம் அது. செத்த வீரனின் தாளைக் கொளுத்தித்தான் அடுத்த தேத்தண்ணிக்கு அடுப்புப் பற்றவைப்பார்கள். கிஷாந்தின் நான்கு வீரர்கள் ஏற்கெனவே தேத்தண்ணி கொதிக்க வைத்திருக்கிறார்கள். ஃபாஸில், மடிப்பு மடிப்பாக நைந்துபோன தன் தாளைக் கையால் மூடிக்கொண்டான். ஷம்ஷீர் தவழ்ந்து தவழ்ந்து இந்தக் கரைக்கு வந்தான்.

"ஜீவராணி, நீங்க?" என்றார் டீச்சர்.

எல்லோரும் திரும்பினார்கள். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜீவராணி மூன்று ஞாயிறாக வருகிறாள். அவளுடைய முறை வருவதற்குள் ஃபாஸில் சண்டையை முடித்துவிடுவதால், இன்னும் பகடையைத் தொட்டதே இல்லை.

"நான் இந்தப் பக்கமே நிக்கிறேன் டீச்சர். வாள ஓங்கிக்கிட்டு. அது கிட்ட வந்தா வெட்டுறேன்."

"வரலன்னா?"

"நிக்கிறேன்."

"தங்கச்சி, நிண்டா எப்படி ஜெயிக்கிற? ஓடிப்போய் வெட்டு!" என்றான் ஃபாஸில்.

"நீங்கதான் ஓடிப் பாத்தீங்களே நானா." ஃபாஸிலின் வீட்டார் அண்ணனைக் கூப்பிடும் 'நானா'தான் அந்த மேசையிலும் அவன் பெயர்.

கிஷாந்த் மேசையில் தட்டிச் சிரித்தான்.

"ஈட்டி நீட்டம்," என்றாள் அவள். "நம்ம போனா அது மொதல்ல குத்தும். அது நடந்து வந்தா, வந்து சேரவே அதோட முறை முடிஞ்சிரும். மொத வெட்டு நம்மளுது."

"இத எங்க படிச்சீங்க?" என்றார் டீச்சர்.

"பிள்ளைக்காம்பராவுக்குப் போற வழியில ஒரு நாள் சிறுத்தை நின்னுச்சு. நானும் நின்னேன். அரை மணித்தியாலம்."

"பொறகு?"

"அதுக்குத்தான் பொறுமை போச்சு."

பூதம் உறுமியது. அவள் நின்றாள். பூதம் ஈட்டியைப் பாறையில் அடித்துப் பொறி பறக்கவிட்டது. அவள் நின்றாள். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து பெயின்ட் டின்களை ஒவ்வொன்றாக விழுங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஒன்றுமே செய்யாத ஒருத்தியைப் பார்த்து நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளும் என்று ஃபாஸில் நினைத்ததில்லை. அவள் விழுந்தால் அடுத்தது ஷம்ஷீர்தான். ஆனாலும் அவன் தாளிலிருந்து கையை எடுத்திருந்தான்.

"பூதம்," டீச்சரின் குரல் தாழ்ந்தது, "பாலத்துல காலை வைக்குது. நடக்குது. உங்க முன்னால வந்துருச்சு."

ஜீவராணி பகடையை உருட்டினாள். பத்தொன்பது.

பூதம் மண்டியிட்டது. பாலம் குலுங்கியது. பூதம் சாய்ந்தது.

எப்போது எழுந்து நின்றோம் என்று ஃபாஸிலுக்குத் தெரியவில்லை. கிஷாந்த் அந்தப் பகடையை, கற்பூரத்தட்டைத் தொடுவதுபோல் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ரெண்டு வருஷமா விளையாடுறன்," என்றான் ஃபாஸில். "நிக்கிறதுக்குள்ள இவ்வளவு பலம் இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சு. இனி ஷம்ஷீர் முந்த மாட்டான் டீச்சர். எல்லாருக்கும் பொறகுதான் வெட்டுவான்."

"சந்தோஷம் நானா," என்றார் டீச்சர், மிகவும் அடக்கமாக.

ஃபாஸிலின் தங்கை முனீரா தேத்தண்ணித் தட்டோடு மேலே வந்தாள். மேசையில் இடமில்லை. யாரும் தடுக்குமுன் டீச்சரின் ஃபைலைத் தூக்கினாள். தூக்கியவள் அதில் எழுதியிருந்ததை வாசித்தாள்.

"டீச்சர், இந்தப் பூதத்துக்கு உயிர் பதினெட்டுதான்னு போட்டிருக்கு, நானாட மொத வெட்டே இருபதுன்னு எழுதியிருக்கு. அப்ப இவ்வளவு நேரமும் நானாவப் போட்டு அடிச்சது யாரு?"