பலகை டீச்சரின் பால்வாடி

அரசாங்கத்தையே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போன ஒரே மனுஷி எங்கள் பலகை டீச்சர்தான்.

மயிலம் பக்கத்தில் ஓர் ஊரில் பால்வாடி டீச்சர். திண்டிவனத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதிப் பால்வாடிகளுக்கெல்லாம் கடிதம் எழுதும் குமாஸ்தா நான். தொண்ணூறுகளின் கடைசியில் என் தலைமுடி கொட்டியதற்கு வயதைக் காரணம் சொல்பவர்கள் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை.

பால்வாடிக் கட்டடம் இருந்தது ஊர்த் தெருவில். பிள்ளைகள் இருந்தது காலனியில். காலனிப் பெண்கள் விடியும்போதே கூலி வேலைக்குக் கிளம்புவார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளவும் ஊர்த் தெருவரை கொண்டுவந்து விடவும் ஆளில்லாமல் மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளையும் வேலை செய்யும் கொல்லைக்காட்டுக்கே இழுத்துப்போய்விடுவார்கள். கட்டடத்தில் டீச்சரும் ஆயாவும் சுவரில் எழுதிய அ, ஆ-வும்தான் மிச்சம்.

வேறொருவராக இருந்தால் ரிஜிஸ்டரை இட்டு நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். இவர் போய் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கினார். வாசலில் இருந்த அரசாங்கப் பலகையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டினார். ஆயா தலையில் சத்துமாவு டப்பாவை ஏற்றினார். பெண்கள் எந்தக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிறார்களோ, அங்கே ஒரு மரத்தில் பலகையை மாட்டிவிட்டுப் பாட்டை ஆரம்பித்துவிடுவார்.

"கட்டடத்தப் பூட்டிட்டு இப்படி ஊர் சுத்தலாமாம்மா?" என்று கேட்டேன்.

"போர்டு எங்க இருக்குதோ அங்கதான் சார் சென்டரு. சென்டரு நடக்கிற எடத்துல போர்டு கட்டாயம் இருக்கணும்னு நீங்கதான எழுதினீங்க?"

எழுதியிருந்தேன்.

மாதாமாதம் பிள்ளைகளை எடை போட்டு அனுப்ப வேண்டும். ஒரு மாதம் அத்தனை பிள்ளைகளும் கால் கிலோ கூடியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டே வந்துவிட்டது. அடுத்த மாதம் அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள்.

"போன மாசம் டவுசர் பாக்கெட்லயும் பாவாட மடியிலயும் மல்லாட்டை இருந்திருக்குது சார். நான் கவனிக்கல" என்றார் சாதாரணமாக. பாராட்டியவர்களுக்கு அதை விளக்கிக் கடிதம் எழுதியவன் நான்.

அப்புறம்தான் விழுப்புரத்திலிருந்து பெரிய அதிகாரி வந்தார். கட்டடத்துக்குப் பிள்ளைகள் வராத பால்வாடியை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்க்கும் உத்தரவு அவர் கையில் இருந்தது. பக்கத்து ஊர் மூன்று மைல். சேர்த்தால் காலனிப் பிள்ளை ஒன்றுகூடப் போகாது. நாங்கள் போனபோது கட்டடம் பூட்டியிருந்தது. பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டை.

டீக்கடையில் விசாரித்தேன்.

"பால்வாடியா? நேத்து ஏரிக்கரையாண்ட இருந்துச்சு. இன்னிக்கு எங்கன்னு தெரிலயே சார்."

அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜீப் கொல்லை கொல்லையாக அலைந்து, கடைசியில் ஒரு வேப்பமரத்தில் பலகையைக் கண்டுபிடித்தோம். கீழே இருபது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா கூத்து இது? மூடிடறேன் உங்க சென்டர!" ஜீப்பில் இருந்தபடியே அதிகாரி கத்தினார்.

"மூடுங்க சார். புள்ளைங்கள நீங்களே பக்கத்து ஊருக்கு இட்டுக்கினு போய் வுட்டுட்டு, சாயந்தரம் இட்டாந்துடுங்க. தெனமும்."

சொல்லிக்கொண்டே பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜீப்பில் வைக்க ஆரம்பித்தார். என் மடியில் இரண்டு. அதில் ஒன்று உடனே என் பேண்ட்டை நனைத்தது. அதிகாரி மடியில் ஏறிய பெண் குழந்தை அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டது.

"எறக்கும்மா, எறக்கு!"

"எறங்க மாட்டாங்க சார். ஜீப்புல ஏறுனதே இல்ல."

நிஜமாகவே இறங்கவில்லை. கொல்லையில் பெண்கள் கையில் செடியோடு நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் ஜீப் இரண்டு நடையாக ஏரிக்கரையைச் சுற்றி வந்தது. அதன் பிறகு அதிகாரி கண்ணாடியை வாங்கித் துடைத்துக்கொண்டு, உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"காலனியிலயே ஒரு எடம் பாருங்க. கட்டிக்கலாம்" என்றார்.

திரும்பும் வழியில் கேட்டார்: "இந்தம்மா எப்பவும் இப்படித்தானா?"

எட்டு வருஷமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன். புகார்கள் எல்லாம் தொண்டைவரை வந்து நின்றன.

"ஆமா சார், எப்பவும் இப்படித்தான்" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் ஒரு புகாரும் வரவில்லை.

"அவங்கள மட்டும் வேற ஊருக்கு மாத்திடாதீங்க சார்" என்றேன்.